மமூது என்கிற சொல்

இராமேஸ்வரம் ஸ்டேஷனில் காலை வண்டி வந்து நிற்பதற்குள் இருளாண்டி பிளாட்பாரத்தை நாலு தடவை அளந்துவிடுவான். யாத்திரைக்காரர்களைக் கோயிலுக்குக் கூட்டிப்போய்ப் பிழைக்கிற மற்ற ஆட்கள் சுவரோரம் சாய்ந்து பீடி குடித்துக்கொண்டிருப்பார்கள். வண்டி வந்தால் ஜனம் இறங்கத்தானே போகிறது, அதற்கு எதற்கு இத்தனை பறப்பு என்பது அவர்கள் கட்சி. இருளாண்டிக்கு அது பிடிபடாது. வண்டி பாம்பன் பாலத்தைத் தாண்டுகிற நேரம் ஆகிவிட்டால் அவனுக்கு ஓரிடத்தில் கால் தரிக்காது.

“ஏலே, நீ நடக்காட்டி வண்டி கடலுக்குள்ளயா போயிரும்? செத்த இங்கன உக்காரு” என்பான் மருதுபாண்டி. அவனுக்கும் இதே தொழில்தான்.

“வாரேன், வாரேன்” என்பான் இருளாண்டி. வரமாட்டான்.

தெலுங்கு பேசுகிற யாத்திரைக்காரர்களை மட்டும்தான் அவன் பிடிப்பான். வடக்கத்திச் சேட்டு குடும்பத்தோடு வந்து அவன் முன்னால் நின்றாலும் மருதுபாண்டி பக்கம் கையைக் காட்டிவிட்டு அடுத்த பெட்டிக்கு ஓடுவான். தெலுங்கு அவனுக்கு ரங்கூன் துறைமுகத்தில் வந்தது. அங்கே மூட்டை இறக்கியவர்களில் பாதிப்பேர் ஆந்திரக் கரைக்காரர்கள். கொரங்கிகள் என்று அவர்களுக்குப் பேர். கோரிங்கா என்கிற துறையில் கப்பலேறி வந்தவர்கள் என்பதால் ஒட்டிக்கொண்ட பேர் அது.

இந்த மாதிரி சொல்லுக்கு ஊரும் பேரும் கண்டுபிடிப்பது அவனுக்கு ஒரு கிறுக்கு. வந்தவர்களைக் கோயில் பிரகாரத்தில் நடத்திக்கொண்டே தெலுங்கில் ஆரம்பித்துவிடுவான். “நாங்கள் சுற்று என்போம், நீங்கள் சுட்டு என்பீர்கள். எங்கள் பற்று உங்களுக்குப் பட்டு. எங்கள் கிளி உங்களுக்குச் சிலுக. எங்கள் வீட்டில் கெட்டுப்போனது உங்கள் வீட்டில் செடிப்போகும். பாம்பன் என்று ஒரு ஊரைத் தாண்டி வந்தீர்களே, எங்களுக்குப் பாம்பு, உங்களுக்குப் பாமு. எல்லாம் ஒரு வயிற்றுப் பிள்ளைகள், வேறு வேறு வீட்டில் வளர்ந்தவை.” தெரியாத ஊரில் காலை வைத்த ஜனத்துக்குச் சொந்தக்காரர் வீட்டுக்கு வந்த மாதிரி முகம் மலர்ந்துவிடும். மற்ற ஆட்கள் அவனுக்கு வேர்கிண்டி என்று பேர் வைத்திருந்தார்கள். அவன் கோபித்துக்கொள்ளவில்லை. கிண்டுகிறவனைக் கிண்டி என்று சொன்னால் என்ன தப்பு என்றான்.

ஆனால் அவன் பேசியதைவிடக் கேட்டதுதான் அதிகம். ஒரு கூட்டம் இறங்கினால் முதலில் வாயைப் பார்ப்பான். “அப்பி” என்று ஒருவன் இன்னொருவனைக் கூப்பிட்டால் அது ராயலசீமை, மெதுவாக நடப்பான். “நேனு” என்று சொல்லவேண்டியதை “நானு” என்று யாராவது சொல்லிவிட்டால் அது ஸ்ரீகாகுளம் பக்கம். உடனே சாமானைத் தலையில் வாங்கிக்கொண்டு ஒவ்வொரு முகமாகப் பார்க்க ஆரம்பிப்பான். பெண்டுகளுக்கு அது பிடிக்காது. இரண்டொரு தடவை அடி விழாத குறை.

காரணம் மருதுபாண்டிக்குத் தெரியும். வேறு யாருக்கும் தெரியாது.

ஜப்பான்காரன் ரங்கூனில் குண்டு போட்ட அன்று இருளாண்டியின் பெண்டாட்டி பிச்சையம்மாள் செத்துப்போனாள். மகள் சேதுலட்சுமிக்கு அப்போது நாலு வயது. கப்பலில் பெண்டு பிள்ளைகளுக்குத்தான் இடம் என்றார்கள். பக்கத்து வீட்டு அப்பலம்மா, புருஷனை முன்பே பறிகொடுத்தவள், தன் மகளோடு விசாகப்பட்டினம் கப்பலுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். அவளுடைய மகளுக்கும் அதே வயது. இரண்டு பிள்ளைகளும் ஒரே தட்டில் சாப்பிட்டு வளர்ந்தவை. இருளாண்டி சேதுலட்சுமியைத் தூக்கி அப்பலம்மாவின் கையில் கொடுத்துவிட்டு, தரைவழியாக நடந்து வந்துவிடுகிறேன் என்று சொன்னான். நடந்தும் வந்தான். வழியில் காய்ச்சலில் விழுந்து, எழுந்து, விசாகப்பட்டினம் போய்ச் சேர்ந்தபோது மழைக்காலம் வந்திருந்தது. அப்பலம்மா “நானு” என்கிற சீமைக்காரி என்பது தெரியும், ஊர்ப்பேர் தெரியவில்லை. அத்தனை வருஷப் பழக்கத்தில் அவள் “எங்க ஊரு” என்றுதான் சொல்லியிருந்தாளே தவிர ஒருநாளும் பேரைச் சொல்லவில்லை. அவனும் கேட்டதில்லை. அந்த ஒன்றுக்காகத் தன்னையே அவன் வைத வசவு கொஞ்சமில்லை.

அந்தச் சீமை முழுக்கத் தேடினான். அங்கே தெருவுக்கு மூன்று அப்பலம்மா இருந்தார்கள். அவனுடைய அப்பலம்மா இல்லை. கடைசியில் ஒன்று நினைவுக்கு வந்தது. சாகிறதுக்குள் இராமேஸ்வரத்தில் முழுக வேண்டும் என்று அவளுக்கு ஒரு வேண்டுதல் இருந்தது. “உங்க ஊர்ப்பக்கந்தானே, வந்தா சோறு போடுவியா?” என்று அவனைக் கேட்டுக்கொண்டே இருப்பாள். அவள் எங்கே இருந்தாலும் ஒருநாள் இந்த ஸ்டேஷனில் இறங்கியே தீரவேண்டும் என்று இருளாண்டி ஊர் திரும்பினான். சொந்த ஊருக்குள் ஒரு ராத்திரி தங்கிவிட்டு நேரே இராமேஸ்வரத்துக்கு வந்தவன்தான். இதோ ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தெட்டு நடக்கிறது.

“பதினாறு வருசமாச்சு. கடக்கரையில தெனம் அடுத்தவுகளுக்கு எள்ளுந்தண்ணியும் எறைக்க வைக்கிற. அந்தப் பிள்ளைக்கும் ஒரு கை எறைச்சுப்புட்டு வேற சோலியப் பாருடா” என்று மருதுபாண்டி ஒருமுறை சொல்லிப்பார்த்தான்.

“இருக்கிற பிள்ளைக்கு எவனாச்சும் எள்ளு எறைப்பானா?” என்றான் இருளாண்டி. அதன்பிறகு ஒரு மாசம் மருதுபாண்டியோடு பேசவில்லை.

ஒருநாள் இறங்கிய கூட்டத்துக்குத் தலைவர் வெங்கட அவதானி. பள்ளிக்கூடத்தில் தெலுங்குப் பண்டிதராக இருந்து ஓய்வு பெற்றவர். சொற்களின் பிறப்பைப் பற்றி ஒரு புத்தகம் எழுதிக்கொண்டிருந்தார். சட்டைப்பையில் துண்டுத் தாள்களும் பென்சிலும் துருத்திக்கொண்டிருந்தன. இருளாண்டி சுற்று, சுட்டு என்று ஆரம்பித்ததும் அவருக்கு யாத்திரை வந்ததே மறந்துபோயிற்று. “இது எப்படி உமக்குத் தெரியும்? இன்னும் சொல்லும், இன்னும் சொல்லும்” என்று அவன் தோளைப் பிடித்துக்கொண்டார். அவர் பதிலுக்குச் சொன்ன பழைய சொற்கள் பாதி அவன் கேள்விப்படாதவை. இரண்டுபேரும் குஷியாகிவிட்டார்கள்.

ரதவீதி முக்கில்தான் அது நடந்தது. கூட்டத்தில் பைடம்மா என்று ஒரு இளம்பெண். கக்கத்தில் துணி சுற்றிய கலயம், இடுப்பில் ஒரு சின்னப் பெண்குழந்தை, பின்னால் மூட்டையோடு புருஷன். பலகாரக் கடையைத் தாண்டும்போது குழந்தை கண்ணாடிப் பெட்டிக்குள் அடுக்கியிருந்த எள்ளுருண்டையைக் காட்டி, “மமூது, அம்மா, மமூது” என்று சிணுங்கியது.

“குளித்துவிட்டு வந்து மமூது வாங்கித் தாரேன், இப்போது பேசாமல் வா” என்றாள் தாய்.

இருளாண்டி நின்றுவிட்டான். தலையில் இருந்த பெட்டி சரிந்தது. அவதானிதான் தாங்கிப் பிடித்தார்.

ரங்கூனில் அவர்கள் குடியிருந்த சந்துக்கு, கீழக்கரையிலிருந்து பிழைக்க வந்த மஹ்மூது என்பவர் சாயங்காலம் தட்டில் எள்ளுருண்டை கொண்டுவருவார். “மஹ்மூது வந்தாச்சு” என்று அவரே குரல் கொடுப்பார். சேதுலட்சுமிக்கு வாய் திருந்தாத காலம். ஆளின் பேர் எது, உருண்டையின் பேர் எது என்று அவளுக்குப் பிரித்துத் தெரியாது. உருண்டையைத்தான் மமூது என்று நினைத்துக்கொண்டாள். அதிலிருந்து அவர்கள் வீட்டில் எள்ளுருண்டைக்கு அதுதான் பேர். பக்கத்து வீட்டிலும் அதுதான் பேர். இந்தச் சொல் இந்தப் பூமியில் வேறெங்கும் கிடையாது என்று இருளாண்டி சத்தியம் செய்வான்.

பைடம்மாவுக்கு இருபது வயது இருக்கும். சேதுலட்சுமி இருந்தால் இருபது. முகத்தைப் பார்த்தான். பிச்சையம்மாளின் மோவாய் மாதிரி இருந்தது. மறுபடி பார்த்தான், இல்லாத மாதிரியும் இருந்தது. நேரே கேட்டுவிடலாம். ஒரு வார்த்தை கேட்டால் முடிந்துவிடும். அந்த ஒரு வார்த்தை வாயில் வரமாட்டேன் என்றது. பதினாறு வருஷமாக நெருப்பு மிதித்தவனுக்கு இப்போது வாசல்படி மிதிக்கப் பயமாக இருந்தது.

கூட்டத்தைச் சத்திரத்துக்குப் பதில் வேறொரு சந்துக்குள் கொண்டுபோய்விட்டான். திருப்பி நடத்தினான். முன்னால் ஓடினான், பின்னால் வந்தான். “என்னய்யா உமக்கு, வயிறு சரியில்லையா?” என்று ஒரு கிழவர் கேட்டார்.

சத்திரத்தில் சாமானை இறக்கியதும் அவதானியைத் தனியாக இழுத்துப்போனான்.

“அய்யா, எள்ளுருண்டைக்கு உங்கள் பக்கம் என்ன பேர்?”

“நுவ்வுல உண்ட என்போம். சிம்மிலி என்றும் உண்டு.”

“மமூது?”

அவதானி புருவத்தைச் சுருக்கி யோசித்தார். “அந்தப் பெண் வீட்டில் சொல்கிறார்கள், நானும் ரயிலில் கேட்டேன். மோதகம் என்று சமஸ்கிருதத்தில் இருக்கிறதே, உருண்டைப் பலகாரம். குழந்தை வாயில் முதல் எழுத்து இரட்டித்து மமோது, மமூது என்று வந்திருக்கலாம். எனக்கு அப்படித்தான் படுகிறது.”

நியாயமாகத்தான் இருந்தது. அதுதான் இருளாண்டியைக் கலக்கியது. எந்த வீட்டுக் குழந்தையும் மோதகத்தை அப்படிச் சொல்லியிருக்கலாம். ஒரு நிமிஷத்தில் அவன் பதினாறு வருஷமும் வேரில்லாமல் மிதந்தது.

“ஆனால் இது என் ஊகம்” என்று அவதானியே தொடர்ந்தார். “நான் புத்தகத்தில் அப்படியெல்லாம் ஊகத்தை எழுதுவதில்லை. சொன்னவரை, நீ யாரிடம் கேட்டாய் என்று கேட்பேன். அவர்கள் யாரிடம் கேட்டார்கள் என்று அவர்களைப் போய்க் கேட்பேன். முதல் வாய் கிடைக்கிறவரைக்கும் போகவேண்டும். அந்தப் பெண்ணைக் கூப்பிடட்டுமா?”

“வேண்டாம்” என்றான் இருளாண்டி, சட்டென்று. “முதலில் கடற்கரைக் காரியம் முடியட்டும். வெயில் ஏறிவிடும்.”

வெயில் ஏறுவதைப் பற்றி அவன் கவலைப்பட்டதை அதற்குமுன் யாரும் பார்த்ததில்லை.

அக்னி தீர்த்தத்தில் அலையில்லாமல் கடல் குளம் மாதிரி கிடந்தது. புரோகிதர் ஈர மணலில் தர்ப்பையைப் பரப்பி உட்கார்ந்திருந்தார். பைடம்மாவின் புருஷன் அவருக்கு எதிரே உட்கார்ந்தான். பைடம்மா பக்கத்தில் கலயத்தை இறக்கிவைத்தாள். புரோகிதருக்குத் தெலுங்கு வராது, இவர்களுக்குத் தமிழ் வராது. நடுவில் நின்று கேள்வியை அங்கேயும் பதிலை இங்கேயும் கொண்டுபோவது இருளாண்டியின் வேலை. எத்தனையோ காலமாகச் செய்து தூக்கத்தில் கேட்டாலும் சொல்லுவான்.

“யாரோட அஸ்தி?” என்றார் புரோகிதர்.

இருளாண்டி கேட்டான்.

“எங்க அம்மா” என்றாள் பைடம்மா. “போன வருஷம் போய்விட்டாள்.”

“பேரு?”

இருளாண்டி கேட்டான்.

“அப்பலம்மா.”

அவன் அதைப் புரோகிதரிடம் சொன்னான். சொல்லிவிட்டுக் கடலைப் பார்த்தான். மோதகம் போயிற்று, ஊகம் போயிற்று. சொல் வந்த வழி நேராகிவிட்டது. இனி மிச்சம் ஒரே ஒரு கேள்வி. இவள் அப்பலம்மா பெற்ற மகளா, வளர்த்த மகளா? வளர்த்த மகள்தான் என்று அவன் மனசு அடித்துக்கொண்டது. இத்தனை நாள் காத்ததற்கு வேறு எப்படி முடியும்? அந்த மோவாய் பிச்சையம்மாளுடையதுதான். இடுப்பில் இருக்கிற குழந்தை பேத்தி. அவனுக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. இரண்டையும் முழுங்கிக்கொண்டு நின்றான்.

புரோகிதர் மந்திரம் சொன்னார். கலயம் கடலில் கவிழ்ந்தது. பைடம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். திரும்பி வந்து உட்கார்ந்ததும் புரோகிதர் எள்ளைக் கையில் எடுத்துக்கொண்டு, வழக்கமாகக் கேட்பதைக் கேட்டார்.

“வேற யாரு பேராவது சொல்லணுமா, கேளு. சிநேகிதம், சொந்தம், யாரானாலும் சொல்லலாம்.”

இருளாண்டி கேட்டான்.

பைடம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “ஒரு பேர் இருக்கிறது. இங்கே வந்தால் அதைச் சொல்லாமல் திரும்பாதே என்று அம்மா சாகும்போது சொன்னாள். சேதுலட்சுமி. சின்னக் குழந்தை.”

இருளாண்டி பைடம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“என்ன சொல்றா? சொல்லுமய்யா” என்றார் புரோகிதர்.

“சேதுலட்சுமி. நாலு வயசு” என்றான்.

“கோத்திரம்?”

“தெரியாது” என்றாள் பைடம்மா. “அந்தக் குழந்தையின் அப்பா பேரும் எனக்குத் தெரியாது. அம்மா கடைசிவரை அவர் பேரை வாயால் சொல்லவில்லை. இந்த ஊர்ப்பக்கத்துக் குழந்தை என்று மட்டும் சொன்னாள்.”

“கோத்திரம் தெரியாதாம் சாமி.”

“சரி, தகப்பன் பேராவது வேணுமே.”

“இருளாண்டி.”

“உம்ம பேரை யாரு கேட்டா? பிள்ளையோட தகப்பன் பேரக் கேளு.”

“அதுதாஞ் சாமி” என்றான். “இருளாண்டி.”

புரோகிதர் நிமிர்ந்து பார்த்தார். நாலு வயதுப் பிள்ளைக்கு எள்ளும் தண்ணீரும் கிடையாது என்று சாஸ்திரம் சொல்லியிருக்கலாம், அவர் சொல்லவில்லை. பைடம்மாவின் புருஷனை நகர்ந்து உட்காரச் சொன்னார். இருளாண்டியின் கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்து, உள்ளங்கையில் எள்ளைப் போட்டுத் தண்ணீர் விட்டார். அவன் இறைத்தான். இறைக்கமாட்டேன் என்று அத்தனை வருஷம் மடக்கி வைத்திருந்த கை அது. தண்ணீர் போனபிறகும் எள் கொஞ்சம் விரலிடுக்கில் ஒட்டிக்கொண்டிருந்தது. அதை உதறாமல் வைத்துக்கொண்டு அழுதான்.

தமிழ் தெரியாவிட்டாலும் பைடம்மாவுக்கு விஷயம் புரிந்துவிட்டது. அவன் பேர் என்னவென்று காலையில் ஸ்டேஷனில் கேட்டிருந்தாள். கிட்டே வந்து மணலில் உட்கார்ந்தாள்.

“கப்பல் விட்டு இறங்கின இடத்திலேயே வாந்திபேதி கண்டது, பாபு” என்றாள். “எங்கள் இரண்டுபேருக்கும் கண்டது. நானு பிழைத்தேன். அவளைக் கடற்கரையிலேயே புதைத்தார்கள். எனக்கு அவள் முகம் நினைவில்லை. அம்மா சொன்னதுதான்.”

இருளாண்டி தலையை ஆட்டினான்.

“ஒவ்வொரு வருஷமும் எங்கள் ஊரிலிருந்து யாத்திரைக் கூட்டம் கிளம்பும். அம்மா மூட்டை கட்டுவாள். கிளம்புகிற அன்றைக்கு அவிழ்த்துப்போட்டுவிடுவாள். என் வேண்டுதல் தெரிந்த அந்த மனுஷன் அங்கே நின்றுகொண்டிருப்பான், அவன் கையில் எதைக் கொடுப்பேன் என்பாள். நான் சாம்பலானபிறகு கொண்டுபோ, சாம்பலை யாரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள் என்பாள்.”

அவள் மூட்டை கட்டிய காலையெல்லாம் இவன் பிளாட்பாரத்தில் நடந்துகொண்டிருந்தான். வந்திருந்தால் ஒரு சொல் கடிந்து பேசியிருக்கமாட்டான். சோறு போட்டிருப்பான். அதை இனி யாரிடம் சொல்வது?

“எள்ளுருண்டையை வீட்டில் யாரும் வேறு பேர் சொல்லக்கூடாது” என்றாள் பைடம்மா. “சொன்னால் அடிப்பாள். இது அந்தக் குழந்தையின் சொல், இந்த வீட்டில் இருக்கட்டும் என்பாள். ஆனால் அது ஏன் மமூது என்று கேட்டால் சொல்லமாட்டாள். உங்களுக்குத் தெரியுமா, பாபு?”

அப்போதுதான் இருளாண்டி சொன்னான். சந்து முனையில் மஹ்மூது தட்டோடு வருவதை, அவர் குரல் கொடுப்பதை, அது கேட்டதும் சேதுலட்சுமி பாதிக் குளியலில் சொட்டச்சொட்ட ஓடுவதை, ஆளையும் உருண்டையையும் ஒன்றாகக் கட்டிய கதையை எல்லாம் சுற்று, சுட்டு என்று மற்றவர்களுக்கு விளக்குகிற அதே தெலுங்கில் சொன்னான். பாதிக் குளியலுக்கு வந்தபோது பைடம்மா சிரித்துவிட்டாள். அவனும் சிரித்தான். குழந்தை தன்னுடைய மமூதைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று அவன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றது.

அவதானி தள்ளி நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். கிட்டே வந்து சட்டைப்பையிலிருந்து ஒரு துண்டுத் தாளை எடுத்தார்.

“நான் மோதகம் என்றது தப்பு. முதல் வாய் கிடைத்துவிட்டது. எழுதிக்கொள்ளட்டுமா? உமக்குச் சம்மதமில்லை என்றால் வேண்டாம்.”

“எழுதுங்கள்.”

“ஆளின் பேர் அரபுப் பேர். பிறந்த இடம் பர்மா. பேசினது தமிழ்க் குழந்தை. வழங்குவது தெலுங்கு வீட்டில். எந்த மொழிச் சொல் என்று போடுவது?”

இருளாண்டி விரலிடுக்கில் இருந்த எள்ளைப் பார்த்தான்.

“மொழி எதுவும் போடவேண்டாம். உண்டாக்கியவள் சேதுலட்சுமி, வயது நாலு என்று போடுங்கள்.”

அவதானி பென்சிலை நாக்கில் தொட்டு எழுதினார். எழுதி முடித்துத் தாளை அவனிடம் நீட்டினார். இருளாண்டிக்குத் தெலுங்கு பேசத்தான் தெரியும், எழுத்து தெரியாது. தாளைத் திருப்பிக் கொடுத்தான்.

“வாசியுங்கள்” என்றான்.

அவதானி வாசித்தார்.

“பேரை மட்டும் இன்னொரு தடவை.”